கடைசி மாத்திரையைக் கிழித்தவன்

ஆட்டுத் தலையை ஒரே வெட்டில் பிளக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. ஆரம்பத்தில் கத்தி வழுக்கிக் கொம்பில் பட்டுத் தெறிக்கும். இல்லையென்றால் மண்டையோடு நொறுங்கி எலும்புத் துணுக்குகள் என் மூக்குக்கண்ணாடியில் வந்து ஒட்டும். ஓசூரில் ஆடு அறுக்கும் அந்தக் கொட்டகையில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. கொட்டகைக்காரரான பாய் மட்டும் சிரிக்காமல், "டாக்டரம்மா, கத்தி என்னுது. கொம்புல போட்டு மொக்க பண்ணாத" என்று முறைப்பார். நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு ஒரு மருந்துச் சோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறவள். இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

செவ்வாய், வெள்ளி காலை ஆறரைக்கு ஐஸ் பெட்டியோடு அங்கே நிற்பேன். ஆடு விழுந்ததிலிருந்து எனக்கு இருபது நிமிடம். அதற்குள் தலையைப் பிளந்து, மூளையை ஒரு கையால் வழித்துத் தள்ளி, அதன் அடியில் எலும்பில் பதிந்து கிடக்கும் மொச்சைக்கொட்டை அளவு நரம்பு முடிச்சை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். முகத்துக்குப் போகிற நரம்பின் முடிச்சு அது. ஒற்றைத் தலைவலி என்கிற அக்கிரமம் நடக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்தது இதயம். அதன் மேல் ஓடும் ரத்தக்குழாயைக் கீறி எடுத்து உப்புநீரில் போட்டு, ஐஸில் வைத்து, ஸ்கூட்டியில் தொழிற்பேட்டைக்குப் பறப்பேன். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் நேரம். என் சட்டைக் கையில் ரத்தத்தைப் பார்த்தவர்கள் சிக்னலில் வண்டியை ஓர் அடி தள்ளி நிறுத்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

எதற்கு இத்தனை வெட்டு? தலைவலிக்கு ஆபத்தில்லாத மருந்து கண்டுபிடிக்கத்தான். செரட்டோனின் என்று ஒரு பொருள் நம் உடம்பிலேயே சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் நரம்பிலும் இருக்கின்றன, ரத்தக்குழாயிலும் இருக்கின்றன. ஒரே வகை இல்லை, பல வகை. நரம்பில் இருக்கும் ஒரு வகையைத் தூண்டினால் நரம்பு அடங்கும், வலி நிற்கும். குழாயில் இருக்கும் இன்னொரு வகையைத் தூண்டினால் குழாய் இறுகும். பழைய மருந்துகள் இரண்டையும் சேர்த்தே தூண்டின. வலி என்னவோ போனது. ஆனால் மருந்துக்குத் தலை எது, இதயம் எது, விரல் எது என்று தெரியாது, போன இடத்தில் எல்லாம் இறுக்கும். நரம்பை மட்டும் தொட்டுக் குழாயைத் தொடாத மருந்தைத்தான் பல ஊர்களில் பல பேர் தேடினார்கள். அப்படி ஒன்று வந்தும்விட்டது, அதைவிட நல்லதாக இன்னொன்று வராதா என்ற தேடல் நடக்கிறது. யார் யாரோ அனுப்பும் புதுப் பொடிகளை வாங்கி, இது குழாயைத் தொடுகிறதா இல்லையா என்று சொல்வது எங்கள் வேலை.

செய்முறை எளிது. குழாயை மோதிரம் மோதிரமாக நறுக்கி, இரண்டு கம்பிக் கொக்கிகளுக்கு நடுவில் மாட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவோம். இறுகினால் கம்ப்யூட்டர் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். புதுப் பொடியைப் போட்டால் கோடு அசையக்கூடாது. ஆனால் அசையாத கோட்டை மட்டும் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள், செத்த குழாயும் அசையாதுதானே. அதனால் அதே ஆட்டின் இன்னொரு மோதிரத்தில் பழைய மருந்தைப் போட்டு, கோடு ஏறுவதையும் காட்ட வேண்டும். தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து அது. போட்டால் கோடு மெதுவாக ஏறும், உச்சிக்குப் போய் நிற்கும். உப்புநீரை எத்தனை தடவை மாற்றிக் கழுவினாலும் இறங்காது. எங்கள் மேடம் பெங்களூரிலிருந்து தினமும் எல்லை தாண்டிக் காரில் வருகிறவர், கன்னடக்காரர். கோடு உச்சியில் நிற்கும்போதெல்லாம் "ஹிட்கொண்ட்ரெ பிடல்ல, நோடு" என்பார். பிடித்தால் விடாது, பார். வாரத்துக்கு இரண்டு நாள், வருஷக்கணக்கில் நான் அந்தக் கோட்டை ஏற்றியிருக்கிறேன்.

அந்த மருந்தின் மாத்திரையை என் அண்ணனுக்கு முதன்முதலில் கொடுத்தவளும் நான்தான்.

எங்கள் வீட்டில் ஒற்றைத் தலைவலி எனக்கும் அவனுக்கும். எனக்கு வந்தால் இருட்டறையில் சுருண்டு, வாந்தி எடுத்து, தூங்கிப்போவேன். அண்ணன் அப்படியில்லை, வலியோடு சண்டைக்குப் போகிறவன். நாகரசம்பட்டியில் எங்கள் தோப்பில் மாங்காய் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மரத்தடியில் நின்று நெற்றியை மரத்தில் மோதிக்கொண்டிருந்தான். மெதுவாக இல்லை. பட்டை உரிந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, அதன் மேல் ரத்தம். அம்மா ஓடிவந்து அவனை உட்காரவைத்து, துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டி, முடிச்சுக்குள் கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினாள். இறுக இறுக அவனுக்குக் கொஞ்சம் வலி விடும். "இன்னும் முறுக்கும்மா, இன்னும் முறுக்கு" என்று அவன் கத்த, அம்மா அழுதுகொண்டே முறுக்கினாள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை என் பையில் இருந்தது. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஒன்றைக் கிழித்து அண்ணன் வாயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டான்.

"இன்னா மாத்திர பாப்பா இது? பேர எழுதிக் குடு" என்றான். எழுதிக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு என்பதை எழுதவில்லை.

பிறகு அவன் ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர் ஆனான். தகட்டை அச்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் இறங்கும், கை உள்ளே மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. எட்டு மணி நேரமும் அந்த இடி. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். இடி காது வழியாக மட்டுமா ஏறுகிறது, பாதம் வழியாகவும்தான் ஏறுகிறது. அந்த லைனில் தலைவலி இல்லாத ஆளே கிடையாது.

அண்ணன் தன் அட்டையை ஸ்பானர்கள் மாட்டும் இரும்புப் பலகையில் ஒரு காந்தத்தை வைத்து ஒட்டினான். வேண்டியவர் கிழித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம், கடைசி மாத்திரையைக் கிழித்தவன் அடுத்த அட்டையை வாங்கிவந்து ஒட்ட வேண்டும். மூன்று ஷிப்டிலும் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. மதுரைக்காரர், சேலத்துக்காரர், தெலுங்கு பேசுகிறவர், ஒடிசாவிலிருந்து வந்தவர், எல்லாருக்கும் சொல்லாமலே புரிந்தது. யார் மாத்திரை என்ற பேச்சு இல்லாததால், யார் எத்தனை விழுங்கினார்கள் என்ற பேச்சும் இல்லாமல் போனது. டீக்கு முன்னால் ஒன்று, வலி வரும்போல இருந்தால் ஒன்று, வந்துவிட்டால் ஒன்று. அண்ணனை அங்கே தலைவலி டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

தினமும் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னேனா என்றால், சொன்னேன். ஒரே ஒரு தடவை, போனில், அவன் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது.

"அந்த மாத்திரைய நிறுத்திடுண்ணா. அது நல்லதில்ல."

"சரி பாப்பா. எறங்கற எடம் வந்துட்ச்சி, வெக்கட்டா?"

அதோடு என் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். தினமும் போடுகிறானா என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். ஓசூரில் நல்ல குளிர். அண்ணன் பொங்கல் பானையைத் துணி பிடிக்காமல் வெறும் கையால் அடுப்பிலிருந்து இறக்கினான். அண்ணி அலறினாள். அவன் இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். இடது கை விரல்களில் தோல் வெந்து எழும்பிக்கொண்டிருந்தது.

"ஒறைக்கவே இல்ல பாப்பா" என்று சிரித்தான்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் வெளுத்து, மார்கழி மாதத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தன. "குளுருல இப்பிடித்தான் ஆவுது. காலைல பட்டன அமுக்கறனா இல்லியான்னே தெரிய மாட்டேங்குது" என்றான். நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கிவந்து கொடுத்தேன். ரத்தக்குழாய் இறுகுவதைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், கையுறை வாங்கிக் கொடுத்தேன். என் படிப்பை அந்த அடுப்பிலேயே வைத்திருக்கலாம்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஷிப்டில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. அண்ணனுக்குப் பக்கத்து பிரஸ் ஓட்டுகிற மதுரைக்காரர் பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியும். அண்ணனின் இடது கைக்குப் பொத்தான் தட்டுப்படவில்லை. அரைகுறையாக அழுத்தினால் பிரஸ் இறங்காது. வேலை பின்தங்க, சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார். பழைய பிரஸ்ஸில் ஒரு பொத்தானை அமுங்கியபடியே இருக்கும்படி எதையாவது செருகிவிட்டால், மற்றதை மட்டும் அழுத்தி ஓட்டலாம். எல்லாரும் அறிந்த திருட்டுத்தனம், யாரும் வெளியே சொல்லாதது. அண்ணன் பலகையில் இருந்த கடைசி மாத்திரையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு, காலி அட்டையை நாலாக மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகினான். முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு தகடு அச்சில் கோணலாக விழுந்தது. இடது கையால் அதை நேராக்கப் போனான். வலது கை பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டது.

அவன் கத்தவில்லையாம், மதுரைக்காரர்தான் கத்தினாராம். இரும்பு மேலே ஏறியபோது நடுவிரலும் மோதிர விரலும் தகட்டோடு தகடாக அப்பிக் கிடந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் அதை என்னிடம் சொன்னார். "ரத்தமே வரலம்மா. ரெண்டு விரலு போயிருக்கு, கொஞ்சங்கூட ஒழுகல. இவரு செத்துட்டாருன்னே நெனச்சேன். நின்னுக்கிட்டு என்னையப் பாக்குறாரு" என்றார்.

டாக்டர் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு விரலைக் காப்பாற்ற முடியாது, மற்ற விரல்களுக்கும் ரத்தம் போகவில்லை, உள்ளங்கைக்குள் குழாய் நசுங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி, ஒரு தாளை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி தாளை வாங்கிக்கொண்டு பேனா எங்கே என்று என்னைக் கேட்டாள். தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு ஆபீசர் தன் பேனாவைக் கொடுத்தார். நான் அண்ணனைப் பார்க்க உள்ளே போனேன்.

இடது கை துணிக்குள் இருந்தது. அவன் வலது கையை நீட்டி என்னைப் பிடித்துக்கொண்டான். "பாப்பா, கைய எடுத்துருவாங்களா?" என்றான்.  என்னைப் பிடித்திருந்த அந்த வலது கை மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது. பிரஸ் தொடாத கை. நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. இன்னும் அழுத்தித் தேடினேன், கிடைக்கவே இல்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன். அதுவும் ஐஸ். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. உச்சியில் நிற்கிற அந்தக் கோடு கண்ணில் வந்து நின்றது.

வெளியே வந்து மதுரைக்காரரிடம், "அண்ணன் என்ன மாத்திரை போட்டாரு?" என்று கேட்டேன். அவர் ஆபீசரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். பேண்ட் பையிலிருந்து நாலாக மடித்த காலி அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினார். "ஆபீசரு வாரதுக்கு முன்னாடி பட்டன்ல இருந்து உருவிட்டேன். இது தெரிஞ்சா அண்ணன் மேலதான் தப்புன்னு எழுதிருவாய்ங்க. யார்ட்டயும் சொல்லிறாதம்மா. தெனம் நாலு, அஞ்சு போடுவாரு" என்றார். அட்டையைப் பிரித்தேன். என் கையெழுத்தில் ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்த அதே பெயர் அதில் அச்சாகியிருந்தது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாத. கை போனாலும் கம்பெனியில வேற எதுனா வேல குடுத்து வெச்சிக்குவாங்க. அவுரு செருவுனதுன்னு தெரிஞ்சா தொரத்திடுவாங்க. கால்ல வேணா வுழறன், சொல்லாத."

நியாயம்தான் அவள் சொன்னது. ஆனால் உள்ளே ஒருவர் ரம்பத்தை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அண்ணி, ஆபீசர், அண்ணன், நான் என்று யாரையும் விட்டுவைக்கத் தோன்றவில்லை. கையை உதறிக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். இவர் இந்த மாத்திரையைத் தினமும் நாலைந்து விழுங்கியிருக்கிறார், குழாய் நசுங்கவில்லை, இறுகியிருக்கிறது, அடிபடாத கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள், கையை வெட்டாதீர்கள். எந்தப் பட்டனில் செருகியிருந்தது என்பதுவரை சொல்லிவிட்டேன். ஆபீசர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அண்ணி என்னை அறைந்தாள். கண்ணாடி பறந்துபோய்த் தரையில் விழுந்து உடைந்தது. இரண்டாவது அறைக்கு நான் முகத்தைத் திருப்பவில்லை.

டாக்டர் என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடினார் என்பதற்காகவே அவருக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன். நசுங்கிய இரண்டு விரலை மட்டும் எடுத்துவிட்டு, குழாயைத் தளர்த்தும் மருந்தையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தையும் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அண்ணனின் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பதும், விட்டால் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பதும்தான் என் வேலை. அன்று முழுக்கத் திரும்பவில்லை. பிடித்தால் விடாது என்று மேடம் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சோதனைக்கூடத்தில் என்றால் அந்த மோதிரத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவேன்.

மறுநாள் மத்தியானம் வலது கை நிறம் திரும்பியது. சாயங்காலம் இடது கட்டைவிரலில் அழுத்தி எடுத்த இடத்தில் மெதுவாக ஒரு சிவப்பு ஊறி வந்தது. நான் அழுத்திக்கொண்டே இருந்ததில் அவன் எரிச்சலாகி, "வலிக்குது, விடு" என்றான். வலிக்கிறது என்று அவன் சொல்லி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆனால் குழாய் திறந்ததும் தலைவலி வந்தது. இத்தனை மாதம் மாத்திரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நாலாம் நாள் கட்டில் கம்பியில் தலையை மோதினான். நெற்றி பிளந்தது. வார்டில் இருந்த இரண்டு ஆண்கள் தோளைப் பிடிக்க, நான் காலின் மேல் உட்கார்ந்தேன். "ஒன்னு குடு பாப்பா. ஒன்னே ஒன்னு. உன் பையில வெச்சிருப்ப. எனக்குத் தெரியும்" என்று கெஞ்சினான், பிறகு கேட்கக் கூசும் வார்த்தைகளில் திட்டினான். அம்மா செய்ததுபோலத் துண்டைக் கட்டி முறுக்கட்டுமா என்று குனிந்தேன். கட்டுப்போட்ட இடது கையை வீசி என் வாயில் அடித்தான். என் உதடு கிழிந்தது. அவன் தையலும் பிரிந்தது.

கட்டுத் துணி நனைந்தது. முதலில் ரோஜா நிறம், பிறகு சிவப்பு, பிறகு முழங்கை வழியாக ஒழுகிப் படுக்கையில் சொட்டியது. இந்தத் தடவை ரத்தம் வந்தது. நான் வாயில் ரத்தத்தோடு சிரித்தேன். ஓடிவந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு முதலில் ஊசி போடுவது என்று தெரியாமல் நின்றாள். அண்ணி மட்டும் என் சிரிப்பைப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். தன் முந்தானையால் என் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

விசாரணையில் தவறு அண்ணன் மேல்தான் என்று முடிவானது. வேலை போய்விட்டது. தலைவலி மட்டும் போகவில்லை, மாதத்துக்கு மூன்று நாலு தடவை இன்னும் வருகிறது. இறுக்குகிற மருந்து எதையும் அவன் இனி நாக்கில்கூட வைக்கக்கூடாது. நரம்பை மட்டும் தொடும் அந்தப் புது மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். குழாய்க்குப் பயமில்லை, ஆனால் தலை கிறுகிறுக்கும், போட்டால் எட்டு மணி நேரத்துக்கு வண்டியோ இயந்திரமோ ஓட்டக்கூடாது. அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் வெகுநேரம் சிரித்தான். "மிஷின் இருந்தப்ப இது இல்ல. இப்ப இது கீது, மிஷின் இல்ல" என்றான். எங்களுக்கு வரும் பொடிகளில் ஒன்று அந்தக் கிறுகிறுப்பும் இல்லாததாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை சோதனைக்கூடத்துக்கு வந்தான். நான் வாங்கிக் கொடுத்த கையுறையைப் போட்டிருந்தான், இடது கையில் காலியான இரண்டு விரல்களை அண்ணி உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். மேடம் அன்று விடுமுறை. நான் ஒரு மோதிரத்தில் பழைய மருந்தைப் போட்டிருந்தேன், கோடு ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். இதுதான் அது என்று சொன்னேன். உச்சிக்குப் போய் நின்றதும் உப்புநீரை மாற்றிக் கழுவ ஆரம்பித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு தடவை.

"எறங்கலியே" என்றான்.

"எறங்காது."

"என்து எறங்குச்சே."

"உன்து உயிரோட உடம்புல இருந்துச்சி. பொழச்சிகிச்சி."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான். பிறகு, "அட்டை இன்னும் பலகையில தொங்கிக்கினுதான் கீதாம். மதுரையார் போன் பண்ணாரு. ஒடிசாக்காரப் பையனுக்கு வெரலு மரத்துப்போவுதாம்" என்றான்.

"யாரு ஒட்டுனாங்க?"

"யாரோ. நான் ஆஸ்பத்திரில கீறன்னு எனக்காக வாங்கியாந்து ஒட்டிக்கீறாங்க. அன்னிக்கிக் கடைசிய நான்தான கிழிச்சன். அடுத்தது நான்தான கொண்டாந்து வெக்கணும்." கையுறையைக் கழற்றித் திரையில் அந்தக் கோட்டைச் சுண்டுவிரலால் தொட்டான். "இத பிரிண்ட் போட்டுக் குடு. ரெண்டு மணி ஷிப்ட்டு வுடறப்ப கேட்டாண்ட நிக்கறன்."

சோதனைக்கூடத்துத் தாள் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். அச்சு எடுத்தேன். கோட்டுக்குக் கீழே மாத்திரையின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, வாரத்துக்கு இரண்டுக்கு மேல் போட்டால் கை போகும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். தெலுங்கிலும் எழுதினேன். ஒடியா எனக்குத் தெரியாது, அதனால் ஒரு கையை வரைந்து இரண்டு விரல்களை அடித்துவிட்டேன். இந்தத் தடவை போனில் சொல்வதாக இல்லை, நானும் வருகிறேன் என்று ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன்.

அவன் தாளை மேஜையில் வைத்து நாலாக மடித்தான். மூன்று விரலால் ஓரத்தை நேராக்க அவனுக்கு நேரம் பிடித்தது. நான் கை கொடுக்கப் போகவில்லை.